இடது கன்னம்

என் மகள் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தி இரண்டு வாரம் ஆகியிருந்தது. திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவோம் என்று தலைமையாசிரியை ஆள் விட்டுச் சொல்லியிருந்தார். ஒன்பதாம் வகுப்பு, ஆண்டுத் தேர்வு பக்கத்தில் வந்துவிட்டது. அதனால்தான் சனிக்கிழமை காலை நாங்கள் மூவரும் அந்த அருங்காட்சியகத்துக்குக் கிளம்பினோம். சுற்றிப் பார்க்கப் போகிறவர்களின் முகம் எங்களில் ஒருவருக்கும் இல்லை.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மலைவாழ் மக்களின் கலையும் பண்பாடும் என்று வாசலில் பலகை வைத்திருக்கும் அந்தக் கட்டடத்துக்கு அவளுடைய வகுப்பைக் கூட்டிப் போயிருக்கிறார்கள். உள்ளே ஆள் உயரத்துக்கு உருவங்கள் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். இடுப்பில் முழத் துணியும் கையில் வில்லுமாக நின்ற வேட்டைக்காரனைக் கண்டதும் ஒரு பையன், "டேய், நம்ம டிரைவர் அங்கிள்டா!" என்று கத்தியிருக்கிறான். என் வீட்டுக்காரர் அந்தப் பள்ளி வழியாகப் போகும் நகரப் பேருந்தை ஓட்டுகிறவர். பாதி வகுப்பு தினமும் அவர் வண்டியில்தான் வந்துபோகிறது. ஆகவே அடையாளம் காண யாருக்கும் சிரமம் இருக்கவில்லை.

அதோடு நின்றிருந்தால் இரண்டு நாள் அழுது தீர்த்திருப்பாள். அந்த உருவத்துக்கு இடது கன்னம் உப்பியிருக்கிறது. ஏன் உப்பியிருக்கிறது என்று கீழே ஒரு குறிப்பு: இந்த மக்கள் சிறு வயதிலிருந்தே ஒருவகை வேரைக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்வதால் தாடை எலும்பே ஒரு பக்கமாக வளர்ந்துவிடுகிறதாம், பிள்ளைகளுக்கும் அது இறங்கி வருகிறதாம். வரலாற்று ஆசிரியை அதை உரக்கப் படித்துவிட்டு, என் மகளை முன்னால் கூப்பிட்டு, மோவாயைப் பிடித்து முகத்தைத் திருப்பி, "நல்லாப் பாருங்க, இவளுக்கும் லேசா ஆரம்பிச்சிருக்கு" என்றிருக்கிறார்.

அன்றிலிருந்து அவளுக்குப் பெயர் பன்னு. கன்னத்தைக் கிள்ளிப் பார்க்காத கை அந்த வகுப்பில் இல்லை. பேருந்தில் ஏறுகிற பிள்ளைகளும் ஓட்டுநரைப் பார்த்துக் கன்னத்தை உப்பிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். இவர் ஒரு நாள் ஆத்திரத்தில் பிரேக்கை மிதித்ததில் முன்வரிசையே மூக்கை உடைத்துக்கொள்ளப் பார்த்தது.

எங்கள் இருவருக்கும் பிறந்த இடம் மலைதான். யாராவது கேட்டால் நான் சொல்வேன். கேட்காதவரிடம் வலியப் போய்ச் சொன்னதில்லை. அவர் கேட்டாலும் சொல்லமாட்டார். "அது நான் இல்லடி. உலகத்துல ஒரே மாதிரி ஏழு பேர் இருப்பாங்கன்னு கேட்டதில்ல?" என்று இரண்டு வாரமும் ஒரே பாட்டு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவரிடம் என்ன பேசுவது? கடைசியில் நான்தான் சொன்னேன்: "நீங்களோ, இல்ல உங்க ஏழு பேர்ல எவனோ. போய் அந்தப் பொம்மைய எடுக்க வைப்போம். எடுத்துட்டா இவ திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போறா. அவ்வளவுதான்."

"எடுத்தா பாக்கலாம்" என்றாள் மகள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

நுழைவுச் சீட்டுக் கொடுக்கிற பெண் எங்களை ஒரு பார்வை பார்த்தாள். "மலை ஆளுங்கன்னா இலவசம். அட்டை வெச்சிருக்கீங்களா?"

"நாங்க அந்த ஆளுங்க இல்ல. மூணு டிக்கெட் கொடு" என்றார் இவர். உள்ளே போகும்போதே ஒரு பொய். மகள் என்னைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள்.

கூடம் நீளமானது. சன்னல்களை அடைத்து, மேலிருந்து மஞ்சள் விளக்கு விட்டிருந்தார்கள். ஒரு பக்கம் கூடைகள், மரக் கரண்டிகள், மணிமாலைகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. எங்கள் வீட்டுப் பரணில் கிடப்பதைவிடச் சுத்தமாக இருந்தன. மறுபக்கம் உருவங்கள். வேட்டைக்காரன் வாசலுக்கு நேராகவே நின்றான். காவலாளி ஒருவர் கையில் துணியோடு அவன் தோளைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பியவர் இவரைப் பார்த்தார், பொம்மையைப் பார்த்தார், மறுபடி இவரைப் பார்த்தார்.

"அட, வாங்க சார்! தினம் உங்க மூஞ்சியத் தொடைக்கிறவன் நான்தான். நேர்ல இப்பதான் பாக்குறேன்."

"நான் இல்லய்யா."

"சரி, இல்ல. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ரெண்டு பேரும் ஒண்ணா நின்னா எனக்கே தலை சுத்துது."

எனக்கு அந்த ஆளை அறையலாம் போலவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. பொம்மை அவர்தான். கல்யாணத்தின்போது இருந்ததைவிட இளைய முகம். அதே குட்டை மூக்கு, அதே பிடிவாதம் பிடித்த மோவாய். கன்னம் மட்டும்தான் புதிது. கண்ணை யாரோ தனியாகச் செய்து வைத்திருக்க வேண்டும். அது எதையும் பார்க்கவில்லை.

"எடுக்கச் சொல்லு, யார்கிட்ட சொல்லணுமோ அவங்கள வரச்சொல்லு" என்று நான் காவலாளியை விரட்டினேன். மகள் எங்களோடு நிற்கப் பிடிக்காமல் கூடத்தின் கோடிக்கு நடந்தாள்.

அதிகாரி அம்மாள் வந்தார். கஞ்சி போட்டுத் தேய்த்த சேலை. நான் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவள். அப்படியொரு மடிப்பைக் கலைக்காமல் ஒருவர் நடந்து வந்தாலே எனக்கு மரியாதை வந்துவிடும். அவர் பேச ஆரம்பித்ததும் அது போய்விட்டது.

"இதுல வருத்தப்பட என்ன இருக்கு? ஒரு சமூகத்தோட அடையாளமா உங்க கணவர் நிக்கிறாரு. பெருமைப்படணும்."

"அவ்வளவு பெருமைன்னா உங்க வீட்டுக்காரரைத் துணியைக் கழட்டி நிறுத்துங்க மேடம். நாங்க வந்து பாத்துட்டுப் போறோம்."

"மரியாதையா பேசுங்க."

"மரியாதை இவருக்கு ஒரு முழம்தானே கொடுத்திருக்கீங்க."

காவலாளி இருமினார். அம்மாள் அவரை ஒரு பார்வையில் சுருட்டிவிட்டு, இவர் பக்கம் திரும்பினார். "நீங்க சம்மதிச்சுத்தானே அச்சு எடுத்தாங்க? இல்ல, அது நீங்களே இல்லையா? முதல்ல அதைச் சொல்லுங்க."

இப்போது இல்லை என்றால் பொம்மையை எடுக்கச் சொல்ல அவருக்கு வழியில்லை. ஆம் என்றால் இரண்டு வாரப் பொய் போச்சு.

"நான்தான்."

"ஒருவழியா வாயத் தெறந்தாரு" என்றேன்.

"நீ சும்மா இருடி. மேடம், எனக்கு அப்போ இருபது வயசு. மூட்டையோட ரெண்டு பேர் மலைக்கு வந்தாங்க. மூஞ்சில மாவு அப்பி அச்சு எடுக்கணும், யாராவது படுங்கன்னாங்க. மூக்குல சொருகுற குழாயப் பாத்ததும் ஊரே ஓடிப்போச்சு. எனக்கு நாலு நாளா பல்வலி. ஒரு பக்கமே வீங்கிக் கெடந்தது. மாத்திரை வெச்சிருக்கோம், தரோம்னாங்க. அதுக்காகப் படுத்தேன்."

"பல்வலியா?" என்றேன் நான்.

"கடைவாய்ப் பல்லு. புருவத்துல எண்ணெய் தடவி, மாவைப் பூசினாங்க. காயக் காயச் சூடு ஏறுது, கனம் ஏறுது, உள்ள பல்லு விண் விண்ணுங்குது. கத்தவும் முடியல, வாயை மூடிட்டாங்க. உரிச்சு எடுத்ததும் மாத்திரையக் கொடுத்துட்டுப் போயிட்டாங்க. அடுத்த மாசம் பல்லைப் பிடுங்கிட்டேன்."

பதினாறு வருடம் குடும்பம் நடத்தியவள் நான். இந்தப் பல்லின் கதை அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அந்தப் பல்லுக்காகத்தான் என் மகளின் தாடையைப் பிடித்து வகுப்புக்கே காட்டியிருக்கிறார்கள் என்று புரிந்ததும் நான் அந்தக் குறிப்பைக் கையால் காட்டினேன்.

"அப்ப அந்த வேர்?" என்று அம்மாளிடம் கேட்டேன். "எலும்பு வளருதுன்னு எழுதி வெச்சிருக்கீங்களே, அது?"

"அது ஆய்வு செஞ்சு எழுதினது."

"யாரு செஞ்சா?"

"நான்தான்." ஒரு கணம் கூட அவர் தயங்கவில்லை. "பத்து வருஷமா இந்த முகங்களைப் பாத்து ஒப்பிட்டு எழுதியிருக்கேன். உங்க கணவருக்குப் பல்வலி இருந்திருக்கலாம். அதனால வேர் மெல்லுற பழக்கம் இல்லைன்னு ஆயிடாது. மத்த உருவங்கள்லயும் அந்த அமைப்பு இருக்கு."

"மத்ததுலயுமா?"

அப்போதுதான் கூடத்தின் கோடியிலிருந்து மகள் கூப்பிட்டாள். "அம்மா. இங்க வாயேன்."

அவள் குரலில் இரண்டு வாரமாக இல்லாத ஒன்று இருந்தது. நான் ஓடினேன். வெள்ளைத் தாடியும் இறகுக் கிரீடமுமாக ஓர் உருவம் ஆசனத்தில் உட்கார்ந்திருந்தது. வேறொரு மலையின் தலைவராம். மகள் தன் கைக்குட்டையால் தாடியை மறைத்துப் பிடித்தாள். குட்டை மூக்கு. உப்பிய இடது கன்னம். கீழே குறிப்பு: செழிப்பின் அறிகுறி.

அடுத்தது கொம்பு ஊதுகிறவன். தோலுக்குக் கறுப்பு வண்ணம் கூட்டியிருந்தார்கள். இடது கன்னம் உப்பல். ஊதி ஊதி அப்படியாம். அடுத்து எதிரெதிராக ஈட்டி தூக்கிய இரண்டு பேர். தலைமுறைப் பகை கொண்ட இரண்டு குலங்கள் என்று எழுதியிருந்தது. இரண்டு பேரும் என் வீட்டுக்காரர். அவரே அவரைக் குத்த ஓங்கிக்கொண்டு, பல்வலியோடு ஒருவரையொருவர் முறைத்தபடி நின்றார்கள். அதற்கடுத்து கயிற்றில் தொங்கித் தேன் எடுக்கிறவன், அவனுக்கும் அதே கன்னம். கடைசியாக உரலில் தானியம் குத்துகிற பெண். நீளமுடி, மூக்கில் வளையம், மணிமாலை, மாராப்பு.

மகள் அதன் முன்னால் நின்றதும் சிரிக்க ஆரம்பித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, மூச்சுக்குத் திணறிக்கொண்டு சிரித்தாள். பின்னாலேயே வந்துவிட்ட இவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"அடப்பாவிகளா! என்னைப் பொம்பளையாவும் ஆக்கிட்டீங்களா?"

"வீட்டுல ஒரு நாள் உலக்கையத் தொட்டிருப்பாரா?" என்றேன். "இங்க என்னமாக் குத்துறாரு பாரு."

"ஏழு இனம்னு வாசல்ல போட்டிருக்கு" என்றாள் மகள். சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. "ஏழு இனத்துக்கும் எங்க அப்பாதானா?"

அம்மாள் தலைவரையும் உரல் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு காவலாளியிடம், "கூடத்துக் கதவைச் சாத்து. பாக்க வர்றவங்களைக் கொஞ்ச நேரம் வெளிய நிறுத்து" என்றார். கதவு சாத்தியதும் அவர் குரலும் மாறியது.

"நான் வர்றதுக்கு முன்னாடியே செஞ்சு வெச்ச உருவங்கள் இதெல்லாம். தனித்தனியா அச்சு எடுத்ததாத்தான் என்கிட்ட சொன்னாங்க. அதை நம்பித்தான் எழுதினேன். அடுத்த மாசம் வெளியிலேர்ந்து பெரியவங்க பாக்க வர்றாங்க. புதுக் கட்டடமே அதை வெச்சுத்தான் கிடைக்கணும். இப்ப இதைக் கிளறினா எல்லாருக்கும் அசிங்கம்." இவரைப் பார்த்துச் சொன்னார்: "வேட்டைக்காரனை இன்னைக்கே எடுத்துக் கிடங்குல போட்டுடறேன். உங்க கண் முன்னாடியே. மத்ததைப் பத்தி நீங்க வெளிய பேசக்கூடாது. சரியா?"

நாங்கள் வந்த காரியம் முடிந்துவிட்டது. கேட்டதைக் கொடுக்கிறார்கள். நான் மகளின் முகத்தைப் பார்த்தேன்.

இவர் முந்திக்கொண்டார். "சரி மேடம். அந்தப் பொம்பளையையும் எடுத்துடுங்க. சண்டை போடுறவனுங்க... அது கிடக்கட்டும்." ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "தலைவர் இருக்கட்டும். அது நல்லாத்தான் இருக்கு."

"அப்பா!"

அந்தக் கத்தலில் கண்ணாடிப் பெட்டி அதிர்ந்திருக்கும். "கிரீடம் வெச்சா மட்டும் நீங்களா? நானும் அம்மாவும் கேட்டப்பல்லாம் நான் இல்ல, நான் இல்லன்னீங்க!"

"உனக்காகத்தானே வந்தேன்? கோவணத்தை எடுக்க வெச்சாச்சு. அப்புறம் என்ன?"

"எடுக்க வேண்டாம்."

"என்ன?"

"ஒண்ணையும் எடுக்க வேண்டாம். அதை எடுத்துட்டா நான் யாருகிட்ட எதைக் காட்டுறது? என் எலும்பு கோணிக்கிட்டு வளருதுன்னு டீச்சர் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க. பொம்மை கிடங்குக்குப் போயிட்டா அந்தப் பேச்சும் கிடங்குக்குப் போயிடுமா? எல்லாம் இங்கயே நிக்கணும். எல்லாருக்கும் தெரியணும்."

"நான் அம்மணமா நிக்கணும், ஊரே பாக்கணும். அதானே உனக்கு?"

"நின்னது நீங்கதானே."

"நான் நிக்கல! படுத்தேன்!"

அவள் என்னிடம் வந்தாள். என் தோள்பைக்குள் கையை விட்டு என்னுடைய கைப்பேசியை எடுத்தாள். தலைவரின் கன்னத்தை முதலில் படம் பிடித்தாள். கீழே இருந்த குறிப்பையும் சேர்த்து. பிறகு கொம்பூதி. பிறகு பகையாளிகள் இருவர், ஒவ்வொருவராக.

"இங்க படம் எடுக்கக்கூடாது" என்று அம்மாள் பாய்ந்து வந்தார். "அந்த ஃபோனை வாங்குங்க! பொண்ணை வளர்த்திருக்கிற லட்சணமா இது?"

"டீ, அவளை நிறுத்துடி" என்று இவரும் மறுபக்கத்திலிருந்து வந்தார். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது, இவ கெடுக்கிறா."

ஒரு பக்கம் அம்மாளின் கை, ஒரு பக்கம் என் புருஷனின் கை. இரண்டும் ஒரே பிள்ளையை நோக்கி நீண்டன. கட்டியவர் பேச்சைப் பிறர் முன்னால் நான் தட்டியதில்லை. வீட்டுக்குப் போய்த் தட்டுவேன். அன்று அவ்வளவு நேரம் பொறுக்க முடியவில்லை. இருவருக்கும் நடுவில் போய் நின்றேன்.

"தள்ளுங்க" என்றார் அம்மாள்.

"தள்ளமாட்டேன். அவ மூஞ்சியப் பிடிச்சுத் திருப்பினப்ப யாரும் தடுக்கல. இப்ப இந்த மூஞ்சிங்களை அவ பாத்துட்டுப் போகட்டும்."

"காவலாளி!"

காவலாளி கதவடியில் நின்ற இடத்திலிருந்தே, "மேடம், கதவைப் பிடிச்சுட்டு நிக்கச் சொன்னீங்க. விட்டா ஜனம் உள்ள வந்துடும்" என்றார்.

அம்மாள் என் தோளைப் பிடித்துத் தள்ளினார். பிழிந்த போர்வையை நாளெல்லாம் தூக்கிப் போடுகிற தோள் அது, அசைந்து கொடுக்கவில்லை. அவருடைய சேலை மடிப்புத்தான் கலைந்தது. இவர் என்னைத் தொடவில்லை. ஆனால் பார்த்த பார்வை இருக்கிறதே, பத்து அடிக்குச் சமம்.

மகள் கடைசியாக வேட்டைக்காரனிடம் வந்தாள். அவனை மட்டும் எடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. எடுத்து முடித்ததும் கைப்பேசியைத் தன் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள்.

"உங்க மேல புகார் கொடுப்பேன்" என்று அம்மாள் பின்னாலிருந்து கத்தினார்.

"கொடுங்க. பல்லு டாக்டர்கிட்டயும் ஒண்ணு கொடுங்க" என்றேன். அதைவிட நல்ல பதில் வீட்டுக்கு வந்தபிறகுதான் தோன்றியது.

படியில் இறங்கியதும் இவர் எங்களோடு வரவில்லை. "நீங்க ரெண்டு பேரும் ஒண்ணு சேர்ந்துட்டீங்க. நாளைக்கு டிப்போவுல என்னைக் கொம்பூதின்னு கூப்பிடுவாங்க, பொம்பளைம்பாங்க. அதைப் பத்தி யாருக்கு என்ன?" என்று சொல்லிவிட்டு எதிர்ப்புறத்துப் பேருந்தில் ஏறிப் போய்விட்டார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. அவருக்கும் ஒரு முகம்தான் இருக்கிறது. அதைத் திருப்பி வாங்கத்தான் அவர் வந்தார். எங்களால் அது இன்னும் நன்றாக அங்கேயே ஒட்டிக்கொண்டது. ஆனால் அவருக்கு நாற்பது வயது. அவளுக்குப் பதினான்கு. இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால் நான் எதைக் காப்பாற்றுவேன் என்று அவருக்கே தெரியும். அதனால்தான் அவ்வளவு கோபம்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. மகள் கடைக்குப் போய் எல்லாப் படங்களையும் காகிதத்தில் அச்சடித்து வந்தாள். கத்தரிக்கோலால் தாடி, முடி, கிரீடம் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டு, வெறும் முகங்களை மட்டும் ஒரு அட்டையில் வரிசையாக ஒட்டினாள். அவர் குடிதண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் அந்தப் பக்கம் வந்து ஒரு நிமிடம் நின்று பார்த்தார். "பசை அதிகமாப் போடாத, காகிதம் சுருங்கும்" என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடம் போனாள்.

சாயங்காலம் திரும்பியபோது முழங்காலில் தரையின் அழுக்கு இருந்தது. நான் கேட்கும்வரை காத்திருக்கவில்லை, அவளே சொன்னாள். வரலாற்று வகுப்பில் எழுந்து நின்று அட்டையை விரித்திருக்கிறாள். "இதுல எந்த மூஞ்சி எந்த இனம்னு சொல்லுங்க டீச்சர்" என்று கேட்டிருக்கிறாள். ஆசிரியை அட்டையைப் பிடுங்கிக் கிழித்துவிட்டு, அவளை வெளியே முட்டி போட வைத்திருக்கிறார். மணி அடிக்கும்வரை அங்கேயே இருந்திருக்கிறாள்.

"பசங்க என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க. சில பேர் என்னைப் பாத்து, சில பேர் டீச்சரைப் பாத்து." பையை மூலையில் வீசினாள். "கிழிச்சா என்ன, படம் ஃபோன்லதானே இருக்கு. கடை எத்தனை மணி வரைக்கும் இருக்கும்?"

பக்கத்து அறையில் இவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

"ஏழு மணி வரைக்கும்" என்றேன்.

"நாளைக்கு முதல் பீரியடே அவங்கதான்" என்றாள் மகள். முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாள்.